நான்கு உள்ளங்கை அளவு

சென்ற ஆண்டு தவக்காலத்துக்குச் சற்று முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து பங்கு இல்லத்துத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் வந்து நின்றார். கணவரை இழந்தவர். தையல் வேலை செய்து ஒரே மகனைப் பாலிடெக்னிக் வரையில் படிக்க வைத்தவர். "தோத்திரமுங்க சாமி" என்றவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "பையன் காரை அறுத்துட்டு வந்திருக்கானுங்க. நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லோணும்" என்றார்.

அறுத்தது காரையன்று, காரின் ஸ்பிரிங்கை. சக்கரங்களுக்கு மேலே காரின் உடலைத் தாங்கி நிற்கும் சுருள்வில்கள் நான்கிலும் ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றை அறுத்தெடுத்து, காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி வந்திருக்கிறான். கோயிலுக்கு வரும் வழியில் வேகத்தடைகள் மூன்று. மூன்றிலும் காரின் அடிவயிறு உரசிற்றாம். தாய்க்கு அந்த ஓசை தம் நெஞ்சிலேயே உரசுவது போல் இருந்ததாம்.

பங்குக் குருவிடம் கொண்டு வரும் வழக்கா இது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். ஆயினும் அந்தத் தாய் ஆளறிந்துதான் வந்தார். நம் தந்தையார் கோவையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கார்ப் பட்டறை நடத்தியவர். குருமடத்தில் சேரும் வரையில் நமது பள்ளி விடுமுறைகள் எல்லாம் அம்பாசிடர், பியட் கார்களின் அடியிலேயே கழிந்தன. இலத்தீன் வினைத்திரிபுகளைக் கற்பதற்கு வெகுகாலம் முன்பே, எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்பதை நாம் கற்றிருந்தோம். இது பங்கில் பலருக்கும் தெரியும்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். தம்பி வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான்கு ஆண்டுகள் பம்பு உற்பத்தித் தொழிற்சாலையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் பிறரிடமிருந்து வாங்கிய சிறிய கார் அது. நிறம் சிவப்பு. எஞ்சின் சுறுசுறுப்பானது. நாம் கண்டிக்கப் போனோம் என்பது உண்மை. ஆனால் அவன் பேசப் பேச, நம் கண்டிப்பு எங்கோ கரைந்துபோயிற்று.

கோவை மாநகருக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் உள்ள உறவு வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. சென்னையிலே 1953-இல் மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றி, சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்து வந்தன. அப்பந்தயங்களில் கோவைக்காரர்களுக்குத் தனியிடம் உண்டு. கோவையைச் சேர்ந்த கரிவர்தன் என்பவர் உள்ளூரிலேயே பந்தயக் கார்களை வடிவமைத்து, அவற்றை இளைஞர்கள் கைக்கு எட்டும்படி செய்தார். 1995-இல் வான் விபத்தொன்றில் அவர் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் 2003-இல் அமைந்த பந்தயத்தளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, தன் காரும் வளைவில் ஒட்டிக்கொண்டு ஓடவேண்டும் என்னும் ஆசை எழுந்ததில் வியப்பில்லை.

"ஊர் பார்க்கணும்னு தாழ்த்தலீங்க சாமி. வளைவுல கார் சாயுதுங்க. சாயாம இருக்கணும்னுதான்" என்றான். சாவியை நம்மிடம் நீட்டினான். போத்தனூர் வழியாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். மழமழப்பான சாலையில் கார் அம்பு போலச் சென்றது. ஸ்டீயரிங்கைத் தொட்டவுடன் திரும்பிற்று. ஐம்பது வயதைக் கடந்த நாம், பதினைந்து வயதுப் பையனாகத் திரும்பி வந்தோம்.

திரும்பி வந்ததும் அத்தாயிடம் நாம் கூறியது இதுவே: "பயப்படாதீர்கள் அம்மா, பையன் பொறுப்பானவன், நாம் பார்த்துக்கொள்கிறோம்." அப்படிக் கூறும்போது நம் மனத்தில் ஒன்று உறுத்திற்று. அதை நாம் வெளியே விடவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த உறுத்தலே.

நாம் எட்டாம் வகுப்புப் படிக்கையில், வாடகைக்கார் உரிமையாளர் ஒருவர் நம் தந்தையாரிடம் வந்து, முன் ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்தித் தருமாறு கேட்டார். தந்தையார் மறுத்தார். கேட்டவர் பழைய வாடிக்கைக்காரர். இரட்டிப்புக் கூலி தருவதாகவும் சொன்னார். தந்தையார் கையைத் துடைத்துக்கொண்டு, "வேற வேலை இருந்தாச் சொல்லுங்க" என்று மட்டும் கூறினார். அந்த வாடிக்கை அன்றோடு போயிற்று. ஏன் மறுத்தீர்கள் என்று இரவு உணவின்போது கேட்டோம். "அந்தக் காருல ஏறுறவங்க என்கிட்ட வரப்போறதில்ல. அவங்களுக்கு யார் சொல்லுவா?" என்றார். இது நமக்கு மறந்துவிடவில்லை. மறந்தது போல் இருந்தோம்.

சுருள்வில்லை அறுத்தால் என்ன தீங்கு என்பதைச் சற்று விளங்கக் கூறுவோம். நம் முன்னோர் வில்வண்டி என்று வழங்கிய மாட்டுவண்டியை வாசகர்களில் மூத்தோர் அறிவர். அச்சுக்கும் கூட்டுக்கும் இடையே வில்லைப் போல் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். சாதாரண வண்டியில் இடுப்பு ஒடியும் பாதையில், வில்வண்டியில் தாம்பூலம் போட்டுக்கொண்டு செல்லலாம். இங்கிலாந்தில் 1804-இல் ஒபதையா எலியட் என்பார் இத்தகைய வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். காரின் சுருள்வில்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. கம்பி சுருட்டப்பட்டிருக்கிறது என்பதே வேறுபாடு.

சுற்றுகள் குறையக் குறைய வில் விறைக்கும். ஆறு சுற்றுள்ள வில்லில் ஒன்றரைச் சுற்றை அறுத்துவிட்டால், அதன் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். விறைப்புக் கூடினால் வளைவில் சாய்வு குறையும் என்பதும் உண்மையே. தம்பி சொன்னதில் அந்த அளவுக்குத் தவறில்லை. ஆனால் வில்லுக்குத் துணை ஒன்று உண்டு. அதனை நாம் ஷாக் அப்சார்பர் என்கிறோம். அப்பெயரே சற்றுத் தவறானது. அதிர்ச்சியை ஏற்பது வில். அதிர்ச்சி தீர்ந்த பின்பும் ஆடிக்கொண்டேயிருக்கும் வில்லை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் பணி. அதனுள்ளே எண்ணெய் சிறு துளைகளின் வழியாகப் புகுந்து வெளியேறுகையில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி அடங்குகிறது. இவ்வில்லுக்கு இவ்வளவு அடக்கம் என்று அளந்தே இரண்டையும் பொருத்துகிறார்கள். வில்லை மட்டும் விறைக்கச் செய்துவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டால், விறைத்த வில்லை அடக்க அதற்கு வலுவிராது. சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும்.

மற்றொன்றும் உண்டு. சக்கரம் மேலே எழுவதற்கு ஓரளவு இடம் வேண்டும். காரைத் தாழ்த்தினால் அந்த இடம் குறைந்துபோகிறது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால், வில் தன் வேலையை முடிக்கும் முன்னரே முட்டுக்கட்டையில் இடித்து நின்றுவிடும். அந்தக் கணத்தில் அக்காருக்கு வில்லே இல்லை; அது மரச்சக்கர வண்டியாகிவிடுகிறது.

இவ்வளவும் நமக்குத் தெரியும். தெரிந்தும், இளைஞர்களுக்கு வேண்டிய சாமியார் என்று பெயரெடுக்கும் ஆசையில் வாய் திறவாதிருந்தோம்.

இது நிற்க. அடுத்த வாரம் வால்பாறையில் பணிபுரியும் நம் நண்பரான குரு ஒருவரைக் காண வேண்டியிருந்தது. பேருந்தில் செல்வதாகவே இருந்தோம். "நான் கூட்டிட்டுப் போறேனுங்க சாமி" என்றான் தம்பி. நாம் மறுக்கவில்லை. மறுக்க மனமுமில்லை.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையைக் கடந்ததும் வனத்துறைச் சோதனைச் சாவடி. அதற்கு மேல் மலை. கொண்டை ஊசி வளைவுகள் நாற்பது. ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுப் பலகை நாட்டியிருக்கிறார்கள். ஒன்பதாவது வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் ஆழியாறு நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடித் துண்டு போலக் கிடக்கும். அதற்கும் மேலே பாறைகளில் வரையாடுகள் அச்சமின்றி மேயும். அன்றும் மேய்ந்தன. கீழ் வளைவுகளில் சாலை செப்பனிடப்பட்டிருந்தது. கார் சாயாமல் திரும்பத் திரும்ப, தம்பி நம்மைப் பார்த்துச் சிரித்தான். நாமும் சிரித்தோம்.

வேகம் எவ்வளவு என்று கேட்டால், கேட்பவர் நகைப்பார். மணிக்கு முப்பதுக்கும் குறைவுதான். ஆனால் கொண்டை ஊசி வளைவில் அது சிறு வேகமன்று. வளைவில் காரை வெளியே தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் போல் கூடுவது. 20 கிலோமீட்டர் வேகம் 28 ஆனால், வேகம் கூடியது எட்டே. தள்ளும் விசையோ ஏறக்குறைய இரு மடங்கு. வேகமானியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியாது.

இருபதைக் கடந்தபின், இடப்புறம் திரும்பும் வளைவொன்றில், மழையில் அரித்துப்போன சாலை. தார் பெயர்ந்து, கல் தெரிந்து, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி. தம்பி அதைக் கண்டது வளைவின் நடுவிலேதான். முன் சக்கரம் குழியில் இறங்கி ஏறியது. அடியில் இரும்போடு இரும்பு மோதும் ஓசை கேட்டது. அவ்வளவுதான். தம்பி இடப்பக்கம் முழுதும் திருப்பியிருந்தான். காரோ நேரே சென்றது. முன் சக்கரங்கள் தத்தித் தத்திச் சாலையின் வலப்பாதிக்கு நழுவின. எதிரே மேலிருந்து அரசுப் பேருந்து ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

பேருந்து ஓட்டுநர் நம்மை முன்பே கண்டு நின்றுவிட்டார். ஆகவேதான் இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறோம். காரின் முகப்புக்கும் பேருந்தின் முகப்புக்கும் இடையே ஒரு முழ அளவே எஞ்சியது. ஓட்டுநர் வசைபாடவில்லை. சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தம்பி, வீட்டுல ஆள் இருக்காங்கல்ல?" என்று கேட்டார். பிறகு நம் வெள்ளை அங்கியைக் கண்டார். ஒன்றும் சொல்லாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நம்மைப் பார்த்த அந்தப் பார்வைதான் வசை.

எஞ்சிய வளைவுகளைப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஏறினோம். இருவரும் பேசவில்லை. நண்பர் இல்லத்தில் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபோது நம் கை நடுங்கியது. அன்று மாலை தம்பி அழுதான். "உங்களைக் கொன்னிருப்பேனுங்க சாமி" என்றான். அப்போதுதான் நாம் உண்மையைக் கூறினோம்: "உனக்குத் தெரியாது. எமக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் ஏறியவர் யாம். பிழையில் பெரும்பங்கு எமது."

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அத்தாயிடம் சென்று, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் கூறினோம். அவர் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தார். கால் நின்றது. "நீங்களும் அந்த வண்டியிலயா சாமி இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். நம்மீது அவர் கோபம் கொண்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

நம் தந்தையாரிடம் தொழில் பழகிய ஒருவர் இன்றும் கோவையில் இருக்கிறார். எழுபதைக் கடந்தவர். சிறு வயதில் நம்மைத் 'தம்பி' என்று அழைத்தவர், இப்போது 'சாமி' என்கிறார். நாம் அவரை அன்றும் இன்றும் 'அண்ணே' என்றுதான் அழைக்கிறோம். காரை அவரிடம் கொண்டு சென்றோம். சுற்றி வந்து பார்த்தார். அறுபட்ட வில்லைக் கையில் எடுத்து, அறுத்த முனையை விரலால் தடவினார். "ஐயா இருந்திருந்தா இந்தக் காரை வாசல்லயே விட்டிருக்கமாட்டாரு" என்றார். பிறகு தம்பியை அருகில் அழைத்து உட்கார வைத்துப் பாடம் தொடங்கினார். அதிலிருந்து நாம் கற்றதையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

முதற்பாடம் டயர். "கார் ரோட்டைத் தொடுறது எவ்வளவு இடத்துல?" என்று கேட்டார். தம்பி விழித்தான். பெரியவர் தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. ஆயிரம் கிலோ எடையுள்ள காரும், அதனுள் இருக்கும் குடும்பமும், நான்கு உள்ளங்கை அளவு நிலத்தையே நம்பியிருக்கின்றன. சஸ்பென்ஷன் என்னும் அமைப்பு முழுவதும் இருப்பது ஒன்றுக்காகவே: எந்தப் பாதையிலும் அந்த நான்கு உள்ளங்கைகளும் தரையை விட்டு எழாமல் இருக்கவேண்டும். தம்பியின் காரில் டயர்களின் பக்கச்சுவரில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் பெரியவர் படிக்கச் சொன்னார். முதலிரண்டு இலக்கம் டயர் உருவான வாரம், பின்னிரண்டும் ஆண்டு. டயர்கள் எட்டு ஆண்டு பழையவை. ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. "இதை விட்டுட்டு ஸ்பிரிங்கை அறுத்தியே" என்றார்.

இரண்டாம் பாடம் எடை. வளைவில் கார் சாய்வதால்தான் எடை வெளிச் சக்கரங்களுக்கு மாறுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். தம்பியும் அப்படியே எண்ணினான். அது பிழை. எடை மாறுவது காரின் எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம், வளைவின் விசை எவ்வளவு என்பவற்றைப் பொறுத்தது. ஆயிரம் கிலோ காரில் எடை மையம் 55 சென்டிமீட்டர் உயரத்திலும் சக்கர இடைவெளி ஒன்றரை மீட்டராகவும் இருந்து, புவியீர்ப்பில் பாதியளவு விசை பக்கவாட்டில் தள்ளினால், ஏறத்தாழ 180 கிலோ உட்சக்கரங்களிலிருந்து வெளிச் சக்கரங்களுக்குப் போய்விடும். வில் மென்மையானதாயினும் விறைப்பானதாயினும் இக்கணக்கு அதிகம் மாறுவதில்லை. விறைத்த வில் சாய்வை மறைக்கும். எடை மாற்றத்தைத் தடுக்காது. ஓட்டுபவருக்கு எச்சரிக்கை குறைகிறது. ஆபத்து அப்படியே இருக்கிறது. காரைத் தாழ்த்தினால் எடை மையம் தாழும் என்பது மெய்யே. ஆனால் இவ்வகைக் கார்களின் முன்பக்க அமைப்பில், அளவுக்கு மீறித் தாழ்த்தும்போது கீழ்க் கைகள் தம் இயல்பான கோணத்தை இழந்து, சாய்வைத் தடுக்கும் இயற்கைத் தன்மையும் குறைந்துவிடுகிறது. ஒரு கையால் பெற்றதை மறுகையால் இழக்கிறோம்.

மூன்றாம் பாடம் வரிசை. எதை முதலில் செய்வது என்பதே முக்கியம் என்றார் பெரியவர். முதலில் நல்ல டயரும் சரியான காற்றும். அடுத்து, தேய்ந்துபோன புஷ்களும் பால் ஜாயிண்டுகளும். மூட்டுகள் தளர்ந்த காரில் எந்த உயர்ந்த பொருளைப் பூட்டினாலும் பயனில்லை. மூன்றாவதாக ஷாக் அப்சார்பர். காரின் ஒரு மூலையை அழுத்திவிட்டால், ஒருமுறை எழுந்து அமைதியாக அமரவேண்டும்; இரண்டு மூன்று முறை ஆடினால் அது செத்துவிட்டது. நான்காவதாகவே ஸ்பிரிங். எல்லாம் முடிந்த பின்பு வீல் அலைன்மென்ட். இதைச் செய்யாமல் விட்டால் முன்செய்தவை அனைத்தும் வீண்.

தம்பியின் காருக்கு அவர் பூட்டியவை: தொழிற்சாலை அளவிலேயே புதிய சுருள்வில்கள் நான்கு, எண்ணெயோடு அழுத்தவாயுவும் நிரப்பிய தரமான ஷாக் அப்சார்பர்கள் நான்கு, புதிய புஷ்கள், புதிய டயர்கள். காரின் உயரத்தை அவர் மாற்றவேயில்லை. நம் நாட்டு விதிப்படி கட்டப்படும் வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். விதியைப் பாராமல் கட்டப்படுபவை அதற்கும் மேல். இப்பாதைகளில் 16 சென்டிமீட்டர் உயரமுள்ள காரை 11 ஆகத் தாழ்த்துவதில் என்ன பொருள்? தவிரவும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. விபத்து நேர்ந்தபின் காப்பீட்டுக்காரர் வினவும் முதற் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கலாம்.

தம்பிக்கு முகம் வாடிற்று. பந்தயக் கார்கள் விறைத்த வில்லோடுதானே ஓடுகின்றன என்றான். அவை ஓடுவது பாய் விரித்தாற் போன்ற தளத்தில் என்றார் பெரியவர். விறைப்பே திறமையன்று என்பதற்குப் பழைய சான்றுகளும் உண்டு. வளைவில் செல்வதில் பெரும்புகழ் பெற்ற ஆங்கிலேயக் கார் லோட்டஸ் எலான், 1962-இல் வெளிவந்தது. அதன் வில்கள் மென்மையானவை. ஷாக் அப்சார்பர்களே உறுதியானவை. இதற்கும் முன்னரே, ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்துக்குச் சென்ற மாரிஸ் ஆலி என்னும் பொறியியலறிஞர், எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு சோதனைக் காரை அமைத்து ஓட்டிப் பார்த்து, முன் வில் பின் வில்லைவிட மென்மையாக இருக்கவேண்டும் என்று கண்டார். மேட்டை முதலில் சந்திப்பது முன் சக்கரம். பின்னது தாமதித்துச் சந்திக்கிறது. ஆகவே பின்வில் சற்று விரைந்து ஆடினால்தான் இரண்டும் ஒத்துப்போய்க் கார் குதிரை போல் முன்னும் பின்னும் துள்ளாது. நான்கையும் ஒரே அளவாக அறுத்தெறிந்த கத்திக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?

ஸ்பிரிங்கை அறுக்கத் தம்பி கொடுத்தது சில நூறு ரூபாய். சரிசெய்ய ஆனதோ பல மாதச் சேமிப்பு. பெரியவர் கூலி வாங்க மறுத்தார். தம்பி வற்புறுத்தியபோது, "ஒரு மாசம் ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வா. பூசை முடிஞ்சப்புறம் வா" என்றார். அவன் போனான். ஒரு மாதத்தோடு நிற்கவில்லை, இன்றும் போய்க்கொண்டிருக்கிறான். வளைவில் வேகம் பழக வேண்டுமென்றால் செட்டிப்பாளையம் தளத்தில், தலைக்கவசமும் மேற்பார்வையும் உள்ள இடத்தில் பழகுவது என்றும், சாலையில் சாலைக்குரியபடி ஓட்டுவது என்றும் தானாகவே முடிவு செய்துகொண்டான்.

ஆகஸ்டு மாதத்தில் மீண்டும் வால்பாறைக்குச் சென்றோம். இம்முறை அத்தாயும் வந்தார். அவரை அழைத்தது நாமல்லோம். "நானும் வர்றேனுங்க" என்று அவரே சொல்லிப் பின் இருக்கையில் அமர்ந்துகொண்டார். கையில் செபமாலை. அதன் பொருள் நமக்குப் புரிந்தது.

ஆழியாறு கடந்தது. ஒன்று, இரண்டு என வளைவுகள் ஏறின. கார் சற்றுச் சாய்ந்தது. சாய்ந்து, நிதானமாக நிமிர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் எவ்வளவு விசை தள்ளுகிறது என்பதை இருக்கையே நமக்குச் சொல்லிற்று. அந்தப் பழைய வளைவை அடைந்தோம். குழியைப் பாதி மூடியிருந்தார்கள். பாதி அப்படியே இருந்தது. தம்பி அதற்கு வெகு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட்டான். சக்கரம் பள்ளத்தில் இறங்கிற்று, ஏறிற்று. உள்ளே ஒரு மெல்லிய அசைவு மட்டும். கார் தன் பாதையை விட்டு ஒரு விரற்கடையும் விலகவில்லை. தம்பி நம்மைப் பார்க்கவில்லை, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாமும் அவனிடம் ஒன்றும் பேசவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளின் கார் மோகத்தை முழுவதும் பழிக்காதீர்கள். அது கைத்தொழிலாகவும் அறிவாகவும் மலரக்கூடியது. ஆனால் அவர்களுடைய வண்டியின் டயரை ஒருமுறை குனிந்து பாருங்கள். அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். இளைஞர்களே, எதையும் அறுக்கும் முன்னர், அது அங்கே எதற்காக இருக்கிறது என்று அறிந்த ஒருவரிடம் கேளுங்கள். அறிந்தவர்களுக்கு நாம் கூறுவது, நம்மையும் சேர்த்தே: கேட்கப்படும்போது வாய் திறங்கள். கேளாதபோதும் திறங்கள்.

நாற்பதாவது வளைவு வந்தபோது, அம்மாவுக்குக் காட்டலாமென்று நாம் பின்னால் திரும்பினோம். செபமாலை மடியில் கிடந்தது. தலை சன்னலில் சாய்ந்திருந்தது. அவர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.